ஒரே நாட்டுக்கு வந்த இரண்டு கூட்டம்: இஸ்ரேலில் உக்ரைன் யூதரும் எத்தியோப்பிய யூதரும்

1991 மே 24, வெள்ளிக்கிழமை. எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் ஆட்சி கவிழப் போகிறது. அதிபர் மெங்கிஸ்டு மூன்று நாளைக்கு முன்பே நாட்டை விட்டு ஓடிவிட்டார். கிளர்ச்சிப் படை தலைநகரை நெருங்கிவிட்டது. அந்த நேரத்தில் இஸ்ரேலிய விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கி, அங்கே காத்திருந்த யூதர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பின. இடம் போதாது என்று விமானத்தின் இருக்கைகளையே கழற்றியிருந்தார்கள். குடும்பம் பிரிந்துவிடக் கூடாது என்பதற்காக நெற்றியில் எண் எழுதிய தாளை ஒட்டியிருந்தார்கள். ஒரு ஜம்போ விமானத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். 36 மணி நேரத்தில் 14,000 பேருக்கு மேல் டெல் அவிவ் அருகிலுள்ள பென் குரியன் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். உடுத்தியிருந்த துணியைத் தவிர பலரிடம் வேறு எதுவும் இல்லை.

அதே மாதங்களில் அதே விமான நிலையத்தில் இன்னொரு கூட்டமும் தினந்தோறும் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. கியேவ், கார்கிவ், ஒடெசா, தினிப்ரோ போன்ற ஊர்களிலிருந்து ரயிலேறி, புடாபெஸ்ட் அல்லது வார்சா வழியாக வந்தவர்கள். கையில் பெட்டிகள், பெட்டிக்குள் பட்டச் சான்றிதழ்கள், கூடவே பாட்டி. சிலர் பியானோவைச் சரக்கில் அனுப்பிவிட்டு வந்தார்கள். 1989 இறுதியில் சோவியத் கதவு திறந்ததிலிருந்து அடுத்த பத்தாண்டுகளில் இப்படி வந்தவர்கள் எட்டு லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் உக்ரைனைச் சேர்ந்தவர்கள். அப்போது இஸ்ரேலின் மொத்த மக்கள் தொகையே 45 லட்சம்தான்.

இரண்டு கூட்டத்துக்கும் குடியுரிமை உடனே கிடைத்தது. சட்டம் ஒன்று, வந்த ஆண்டும் ஏறக்குறைய ஒன்று. முப்பது ஆண்டுக்கு மேல் கழிந்த பிறகு அவர்களுடைய வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட்டால் இடைவெளி பெரிதாகத் தெரிகிறது. இந்த இடைவெளியைப் பார்த்து 'படித்தவன் முன்னேறினான், படிக்காதவன் பின்தங்கினான்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த வரியில் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இஸ்ரேலில் வந்த பெரும்பாலான ஆய்வுகள் உக்ரைனைத் தனியாகப் பிரிப்பதில்லை. ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ், மால்டோவா எல்லாரையும் சேர்த்து 'முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து வந்தவர்கள்' என்றே எண்ணுகின்றன. தெருவில் அவர்கள் எல்லாருக்கும் 'ரூசிம்', அதாவது ரஷ்யர்கள் என்றே பெயர். ஒடெசாக்காரருக்கும் அதே பெயர்தான். ஆகவே உக்ரைன் யூதரைப் பற்றி இங்கே சொல்வதில் பெரும்பகுதி அந்தப் பெருங்கூட்டத்தைப் பற்றியதும்கூட. 

சரி, இன்றைய நிலை என்ன? சோவியத் நாடுகளிலிருந்து வந்தவர்களில் உழைக்கும் வயதில் இருப்பவர்கள், அதிலும் குழந்தைப் பருவத்தில் வந்து இங்கேயே படித்தவர்கள், வேலையிலும் சம்பளத்திலும் மற்ற இஸ்ரேலிய யூதர்களுக்கு ஏறக்குறைய சமமாக வந்துவிட்டார்கள். எத்தியோப்பிய வம்சாவளியினர் இன்று 1,60,000-க்கு மேல் இருக்கிறார்கள். அவர்களில் வேலைக்குப் போகிறவர்களின் விகிதம் குறைவில்லை. ஆணும் பெண்ணும் மற்ற யூதர்கள் அளவுக்கு வேலை செய்கிறார்கள். ஆனால் கைக்கு வரும் சம்பளம் குறைவு. 2010-களின் தொடக்கத்தில் எத்தியோப்பியக் குடும்பங்களில் ஏறக்குறைய பாதி வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தன. வேலை கிடைக்காமல் வந்த வறுமை இல்லை இது. வேலை பார்த்தும் தீராத வறுமை. துப்புரவு, காவல், ஹோட்டல் சமையற்கட்டு, முதியோர் பராமரிப்பு என்று ஒப்பந்தக்காரரிடம் கூலி வாங்கும் வேலைகளில் அவர்கள் குவிந்திருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கொண்டுவந்த மூலதனத்தில் வித்தியாசம் இருந்தது உண்மைதான். 1989-க்கும் 1993-க்கும் இடையில் சோவியத் நாடுகளிலிருந்து வந்தவர்களில் சுமார் 57,000 பேர் பொறியாளர்கள், 12,000 பேர் மருத்துவர்கள். அதற்கு முன் இஸ்ரேல் முழுவதிலும் இருந்த பொறியாளர்களே சுமார் 30,000 பேர்தான். கியேவில் பாலம் வடிவமைத்தவருக்கு வேலை கொடுக்க அந்தச் சின்ன நாட்டில் அத்தனை பாலம் இல்லை. பொறியாளர்கள் தெரு கூட்டினார்கள், இரவுக் காவலுக்குப் போனார்கள். இசைக்கலைஞர்கள் கடைத்தெருவில் நின்று வாசித்தார்கள். விமானத்திலிருந்து வயலின் பெட்டி இல்லாமல் இறங்குகிறவர் பியானோக்காரராக இருக்க வேண்டும் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. முதல் சில ஆண்டுகளில் அவர்கள் சோவியத் நாட்டில் பெற்ற படிப்புக்கு இஸ்ரேலிய வேலைச் சந்தையில் கிட்டத்தட்ட ஒரு காசுகூட மதிப்பில்லை என்பதைச் சம்பளக் கணக்குகளே காட்டுகின்றன. அதாவது, அவர்களும் அடிமட்டத்திலிருந்துதான் தொடங்கினார்கள். இது பலருக்கு மறந்துபோகிறது.

ஆனால் ஏறுவதற்கு அவர்களுக்கு ஏணி இருந்தது. ஹீப்ரு கொஞ்சம் பிடிபட்டதும், உரிமத் தேர்வு எழுதியதும், பழைய படிப்பு மெல்ல மெல்லச் சம்பளமாக மாறத் தொடங்கியது. அரசும் கை கொடுத்தது. 1991-ல் தொடங்கிய தொழில்நுட்பக் காப்பகத் திட்டம், பெரும்பாலும் இந்தப் பொறியாளர்களின் யோசனைகளைக் கம்பெனியாக்கிப் பார்க்க உருவானதுதான். அப்புறம் தொண்ணூறுகளின் நடுவில் இஸ்ரேலில் ஐ.டி. அலை எழுந்தபோது, கணக்கும் இயற்பியலும் தெரிந்த ஒரு பட்டாளமே கையருகில் தயாராக இருந்தது.

எத்தியோப்பிய யூதர்கள் கொண்டுவந்த மூலதனம் வேறு வகை. தங்களை அவர்கள் 'பேட்டா இஸ்ரேல்' என்று சொல்லிக்கொள்வார்கள். மற்றவர்கள் அவர்களை 'ஃபலாஷா' என்றார்கள், நிலமற்ற அந்நியர் என்ற பொருளில். சொந்த நிலம் வைத்துக்கொள்ளும் உரிமை பல தலைமுறைகளாக அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. கோண்டார், திக்ரே மலைக் கிராமங்களில் குத்தகைக்கு உழுதார்கள். கொல்லர் வேலையும் மண்பாண்டமும் நெசவும் செய்தார்கள். பெரியவர்களில் பலருக்கு அம்ஹாரிக் மொழியில்கூட எழுதப் படிக்கத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அந்த வாழ்க்கையில் இருக்கவில்லை. மழை, மண், ஆடு மாடு, உறவுமுறை, வழக்குத் தீர்ப்பது என்று ஐம்பது வயது மனிதர் ஒருவர் அறிந்து வைத்திருந்த அத்தனையும் நான்கு மணி நேர விமானப் பயணத்தில் விலை இழந்துவிட்டது. ஊரில் அவர் வந்தால் எழுந்து நிற்பார்கள். இங்கே மின்சாரக் கட்டணச் சீட்டைப் படித்துச் சொல்ல எட்டு வயது மகளை அழைக்க வேண்டியிருந்தது. இந்தச் சரிவுக்கு வருமான அட்டவணையில் இடமில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தின் வருமானத்தை அது பாதிக்காமலும் இருந்ததில்லை.

1991-க்கு முன்பே வந்தவர்களுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. 1984 நவம்பரிலிருந்து 1985 ஜனவரி வரை நடந்த 'மோசஸ்' நடவடிக்கையில் வந்த சுமார் 8,000 பேர், எத்தியோப்பியாவிலிருந்து கால்நடையாகச் சூடானுக்கு நடந்து போய் அங்கே முகாம்களில் காத்திருந்து வந்தவர்கள். வழியிலும் முகாமிலும் செத்தவர்கள் சுமார் 4,000 பேர். பிள்ளையைப் பாதையோரம் புதைத்துவிட்டு வந்த தாய்க்கு மொழி வகுப்பில் உட்கார எத்தனை நாள் ஆகும்?

இனி அரசு அவர்களை எப்படி நடத்தியது என்பதற்கு வருவோம். என் பார்வையில் மொத்தக் கதையிலும் அதிகம் பேசப்பட வேண்டிய இடம் இதுதான். சோவியத் நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு 1990-லிருந்து 'சல் க்லிதா' என்ற உதவித்தொகை கொடுத்தார்கள். முதல் தவணை விமான நிலையத்திலேயே ரொக்கம், மீதி வங்கிக் கணக்கில். எந்த ஊரில் இருப்பது, எந்த வீட்டை வாடகைக்கு எடுப்பது, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எல்லாம் அவர்கள் முடிவு. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, ஒரே ஒரு பிள்ளை என்று மூன்று தலைமுறை ஒரே வீட்டில் நெருக்கியடித்து இருந்தார்கள். ஆளுக்கொரு வீட்டுக்கடன் தகுதி இருந்தது. இரண்டு பேருடைய கடனையும் சேர்த்து ஒரு வீட்டை வாங்கிப் போட்டார்கள். பேரனைப் பாட்டி பார்த்துக்கொண்டார், அம்மாவும் அப்பாவும் இரண்டு வேலை பார்த்தார்கள். 2008-க்குப் பிறகு பத்தாண்டுகளில் இஸ்ரேலில் வீட்டு விலை ஏறக்குறைய இரு மடங்கானபோது, முன்பே வாங்கியவர்களுக்கு அது சொத்தாக நின்றது.

எத்தியோப்பியருக்கு ரொக்கம் தந்து தெருவில் விட முடியாது, அவர்களைக் கைப்பிடித்து நடத்த வேண்டும் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். நல்ல எண்ணமாகவே இருக்கட்டும். விளைவு, குடியேற்ற மையங்களிலும் ஹோட்டல் அறைகளிலும் 'கேரவன்' என்ற நகர்த்து வீடுகளிலும் மாதக்கணக்காக, சிலர் ஆண்டுக்கணக்காக. அக்கோ நகரத்துக்குப் பக்கத்தில், பீர்ஷெபா ஓரத்தில், ஜெருசலேம் விளிம்பில் என்று ஊருக்கு வெளியே அந்த நகர்த்து வீட்டு வரிசைகள் இருந்தன. பக்கத்தில் வேலை கிடையாது, பேருந்தும் குறைவு. சாப்பாட்டு நேரம், மொழி வகுப்பு, குழந்தைக்குத் தடுப்பூசி எல்லாவற்றையும் வேறு ஒருவர் முடிவு செய்தார். வந்த இளையோரில் பெரும்பாலானோரை விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அங்கே பலரைத் தொழிற்பயிற்சிப் பிரிவில் போட்டார்கள். பல்கலைக்கழகக் கதவு பதினைந்து வயதிலேயே பாதி மூடிவிட்டது.

1993 வாக்கில் எத்தியோப்பியருக்காக ஒரு வீட்டுக்கடன் திட்டம் வந்தது. கடனின் பெரும்பகுதி மானியம். தாராளமான திட்டம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தொகைக்கு எங்கே வீடு கிடைத்தது? ரெஹோவோத், நெத்தான்யா, கிர்யாத் மலாக்கி, அஃபூலா ஊர்களின் மிக மலிவான தெருக்களில். உறவினர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவர்களும் விரும்பினார்கள். சில ஆண்டுகளில் அந்தத் தெருக்கள் எத்தியோப்பியத் தெருக்கள் ஆகிவிட்டன. வசதியிருந்த பழைய குடிகள் வேறு இடம் போனார்கள், பள்ளியின் தரம் இறங்கியது, வீட்டு விலை மற்ற இடத்தைப் போல் ஏறவில்லை. சொந்த வீடு இருந்தது. ஆனால் அதை விற்று வேறு நல்ல இடத்துக்குப் போகும் வழி இல்லாமல் போனது.

'எல்லாம் கொண்டுவந்த படிப்பில்தான் இருக்கிறது' என்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரு செய்தி உண்டு. 1991 மே மாதம் வந்த அந்த 14,000 பேரையும் அவசரத்தில் எங்கெங்கே இடம் இருந்ததோ அங்கங்கே உள்ள குடியேற்ற மையங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். யார் எந்த ஊருக்குப் போவது என்பது கிட்டத்தட்டச் சீட்டுக் குலுக்கல். ஆகவே பிள்ளைகள் பக்கத்தில் எந்தத் தொடக்கப் பள்ளி இருந்ததோ அதில் சேர்ந்தார்கள். சிலருக்கு நல்ல பள்ளி, சிலருக்குச் சுமாரானது. பிற்பாடு பொருளியல் ஆய்வாளர்கள் அந்தப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் காலத்தில் என்ன ஆனார்கள் என்று தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். ஒரே மாதிரி குடும்பம், எழுதப் படிக்கத் தெரியாத அதே பெற்றோர். ஆனால் நல்ல தொடக்கப் பள்ளியில் விழுந்த பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விடுவது குறைந்திருந்தது, பள்ளி இறுதித் தேர்வில் தேறியவர்கள் அதிகம் இருந்தார்கள். இன்னொரு ஆய்வு அதைவிட வியப்பானது. அந்த விமானங்களில் வந்த கர்ப்பிணிப் பெண்களுக்குப் பிறந்த பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலேயே வந்து சேர்ந்த தாய்மாருக்கு இஸ்ரேலில் ஊட்டமும் மருத்துவமும் கூடுதல் காலம் கிடைத்தது. பதினெட்டு ஆண்டு கழித்து அவர்களின் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், கடைசி மாதங்களில் வந்தவர்களின் பிள்ளைகளைவிடப் படிப்பில் முன்னே இருந்தார்கள். மூன்று நான்கு மாத வித்தியாசம் ஒரு பெண்ணின் மதிப்பெண்ணில் தெரிகிறது! இதைப் படித்த பிறகு 'அவர்கள் கலாச்சாரமே அப்படி' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

பள்ளி விஷயத்தில் சோவியத்திலிருந்து வந்தவர்கள் அரசை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. வேலை கிடைக்காத கணித ஆசிரியர்கள் மாலை நேரத்தில் தங்கள் பிள்ளைகளுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் வகுப்பெடுக்கத் தொடங்கினார்கள். அது 'மோஃபெத்' என்ற பெயரில் வளர்ந்து, டெல் அவிவின் ஷெவா பள்ளி போன்ற இடங்களில் நிலைகொண்டது. மூடும் நிலைக்குப் போன பள்ளிகள் கணிதத்துக்குப் பெயர் பெற்றன. லட்சக்கணக்கான மக்கள் திரளாக வந்ததால்தான் இதெல்லாம் முடிந்தது. ரஷ்ய மொழிப் பத்திரிகை, ரஷ்ய மளிகைக்கடை, ரஷ்ய மொழி பேசும் பல் மருத்துவர், கணக்கர், வழக்கறிஞர் என்று அவர்களுக்குள்ளேயே ஒரு சந்தை இருந்தது. ஹீப்ரு வராதவருக்கும் அதற்குள் பிழைப்பு கிடைத்தது. 1996 தேர்தலில் தோனெட்ஸ்க் நகரில் பிறந்த நாத்தான் ஷரான்ஸ்கியின் கட்சி நின்ற முதல் தேர்தலிலேயே 7 இடம் பிடித்து அமைச்சரவைக்குள் போனது. எத்தியோப்பியரின் எண்ணிக்கை அதற்குப் போதாது. அவர்களுடைய கடைகளில் இன்ஜெரா என்ற அப்பத்துக்கான மாவும் மசாலாவும் கிடைக்கும், அந்தத் தெருவைத் தாண்டி வாடிக்கையாளர் குறைவு.

அப்புறம் நிறம். கார்கிவ்காரரின் மகன் ஹீப்ருவைச் சரளமாகப் பேசிவிட்டால் நேர்முகத் தேர்வில் அவனை யாரும் குடியேறியாகப் பார்ப்பதில்லை. எத்தியோப்பியக் குடும்பத்து மகள் அதே பள்ளியில் படித்து, பிறந்ததிலிருந்து அதே ஹீப்ருவைப் பேசினாலும் கதவைத் திறந்த நொடியிலேயே அவள் 'எத்தியோப்பியப் பெண்' ஆகிவிடுகிறாள். 1996 ஜனவரியில் ஒரு செய்தி வெளியானது. எத்தியோப்பியர் தானமாகக் கொடுத்த ரத்தத்தை, எச்.ஐ.வி. பயத்தில், அவர்களுக்குச் சொல்லாமலேயே கொட்டி வந்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஜெருசலேமில் பிரதமர் அலுவலகத்தின் முன் திரண்டார்கள். 2012-ல் கிர்யாத் மலாக்கியில், எத்தியோப்பியருக்கு வீடு விற்பதோ வாடகைக்கு விடுவதோ கூடாது என்று சில குடியிருப்புவாசிகள் தங்களுக்குள் பேசி முடிவு செய்தது வெளியே வந்தது. 2015-ல் ராணுவச் சீருடையில் இருந்த எத்தியோப்பிய இளைஞரைப் போலீஸார் அடிக்கும் காட்சி கேமராவில் பதிவானது. 2019-ல் பணியில் இல்லாத ஒரு போலீஸ்காரர் சுட்டதில் ஓர் எத்தியோப்பிய இளைஞர் இறந்தார், நாடு முழுக்கச் சாலைகள் மறிக்கப்பட்டன. ராணுவத்தில் சேர்வதில் எத்தியோப்பிய இளைஞர்கள் மற்றவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் இஸ்ரேலில் ஐ.டி. வேலைக்கு ஏணியாக இருப்பது ராணுவத்தின் தொழில்நுட்பப் பிரிவுகள். அவற்றில் இவர்கள் சொற்பம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உக்ரைனியர் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சராசரிக்குள் ஒரு பெரிய துயரம் ஒளிந்திருக்கிறது. ஐம்பத்தைந்து, அறுபது வயதில் வந்தவர்கள். சோவியத் நாட்டில் முப்பது ஆண்டு உழைத்த ஓய்வூதியம் அங்கேயே போய்விட்டது. இங்கே பத்துப் பதினைந்து ஆண்டு துப்புரவு வேலை பார்த்தார்கள், ஓய்வூதிய நிதி சேரவில்லை. இன்று தேசியக் காப்பீட்டு நிறுவனம் தரும் முதியோர் தொகையிலும் அதன் மேல் வரும் கூடுதல் உதவியிலும் காலம் தள்ளுகிறார்கள். அஷ்தோதிலோ ஹைஃபாவிலோ வாடகை அறையில் தனியாக இருக்கும் எண்பது வயதுப் பாட்டியின் நிலை, செவிலியராக வேலை பார்க்கும் முப்பது வயது எத்தியோப்பியப் பெண்ணின் நிலையைவிட மோசம். கூட்டம் கூட்டமாக ஒப்பிடும்போது இந்தப் பாட்டி காணாமல் போய்விடுகிறார். 2022 போருக்குப் பிறகு உக்ரைனிலிருந்து வந்தவர்களும் தொண்ணூறுகளில் வந்தவர்களைப் போன்றவர்கள் இல்லை. 18 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் நாட்டை விட்டு வெளியேறத் தடை இருந்ததால், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமே அதிகம். இரண்டு பேர் சம்பாதித்த குடும்பம் ஒரே ஆளின் வருமானத்தில் வந்து நிற்கிறது.

நுழைவாயிலிலேயே ஒரு வேறுபாடு இருப்பதையும் சொல்ல வேண்டும். 1970-ல் திருத்தப்பட்ட திரும்பி வருவோர் சட்டப்படி, தாத்தா பாட்டியில் ஒருவர் யூதராக இருந்தாலே போதும். அப்படி வந்த உக்ரைனியர் பலர் மதச் சட்டப்படி யூதர் இல்லை. அவர்கள் உள்நாட்டில் ஒரு யூதரை மணந்து பதிவு செய்ய முடியாது, பலர் சைப்ரஸ் போய் மணம் முடிக்கிறார்கள். ஆனால் குடியுரிமை உண்டு, உதவித்தொகை உண்டு. எத்தியோப்பியாவில் முன்னோர் கிறிஸ்தவத்துக்கு மாறிய 'ஃபலாஷ் முரா' குடும்பங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அரசு அவ்வப்போது எடுக்கும் முடிவின்படி, பகுதி பகுதியாகத்தான் வர முடியும். 2021 நவம்பரில் 3,000 பேருக்கு அனுமதி என்றார்கள். கோண்டாரிலும் அடிஸ் அபாபாவிலும் பத்து, இருபது ஆண்டாகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். விளைநிலத்தை விட்டு நகரத்துக்கு வந்து, கூலி வேலை செய்துகொண்டு, இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கும் குடும்பம் ஒருவழியாக வந்து சேரும்போது கையிருப்பு, உடல்நலம், பிள்ளையின் படிப்பு மூன்றும் கரைந்திருக்கும். அண்ணன் இஸ்ரேலில் இருப்பார், அவர் சம்பளத்தில் ஒரு பங்கு மாதாமாதம் கோண்டாருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

மாற்றம் வராமலும் இல்லை. எத்தியோப்பியப் பெண்கள் வந்த புதிதில் வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போவதே அரிது. இன்று பெரும்பாலோர் போகிறார்கள். பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறவர்களின் விகிதம் மற்றவர்களை நெருங்கிவிட்டது. பல்கலைக்கழகம் கேட்கும் அளவுக்கு மதிப்பெண் எடுப்பதில்தான் இன்னும் இடைவெளி. இஸ்ரேலிலேயே படித்து வளர்ந்தவர்களில் பட்டம் பெற்றவர்களின் பங்கு மற்ற யூதர்களில் உள்ளதில் ஏறக்குறைய பாதி. 'மோசஸ்' நடவடிக்கையில் மூன்று வயதுக் குழந்தையாக வந்த ப்னீனா தமானோ ஷாத்தா 2020-ல் குடியேற்றத் துறைக்கே அமைச்சரானார். எத்தியோப்பியாவில் பிறந்த ஒருவர் இஸ்ரேலில் அமைச்சரானது அதுவே முதல் முறை.

இஸ்ரேலின் புள்ளிவிவரத் துறை ஒருவரின் பூர்விகத்தைத் தந்தை பிறந்த நாட்டை வைத்துக் கணக்கிடுவது வழக்கம். 1991-ல் கைக்குழந்தையாக வந்தவர்களுக்கு இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது, அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். இஸ்ரேலிலேயே பிறந்த தந்தைக்குப் பிறக்கும் பிள்ளை இந்தக் கணக்கில் எத்தியோப்பியரும் இல்லை, உக்ரைனியரும் இல்லை. அந்தப் பிள்ளைகள் எந்தத் தெருவில் வளர்கிறார்கள், எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள் என்று பார்க்க, ரெஹோவோத்தின் கிர்யாத் மோஷே பகுதிக்கு ஒரு காலை எட்டு மணிக்குப் போய்ப் பள்ளி வாசலில் நின்றாலே போதும்.